யமஹா சி40: வீட்டில் கிட்டார் பழகத் தொடங்குபவருக்கு

முதல் கிட்டார் வாங்குபவர்கள் விலையையும் நிறத்தையும் பார்க்கும் அளவுக்கு, விரற்பலகையிலிருந்து தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைப் பார்ப்பதில்லை. நானும் முதலில் மலிவாகக் கிடைத்த எஃகுத் தந்தி கிட்டார் ஒன்றை வாங்கி, விரல் நுனிகள் கன்றிப்போய், எஃப் கார்டை (பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கூட்டு) ஒருநாளும் தெளிவாக ஒலிக்கவைக்க முடியாமல், இரண்டே மாதத்தில் அதை உறையில் போட்டு மூடிவிட்டேன். பிறகு வாங்கிய யமஹா சி40-இல்தான் மூன்று ஆண்டுகளாகப் பழகி வருகிறேன்.

இது நைலான் தந்தி பூட்டிய முழு அளவு கிளாசிக்கல் கிட்டார். சாதாரண எஃகுத் தந்திகள் ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கும் மேலான விசையுடன் இழுக்கும்போது, நைலான் தந்திகளின் இழுப்பு ஏறத்தாழ 40 கிலோ அளவிலேயே நிற்பதால், பழகாத விரலுக்கு வலி வெகுவாகக் குறைகிறது. ஒலியும் மென்மையானது, அடுக்குமாடி வீட்டில் இரவு பத்து மணிக்கும் தயக்கமின்றி வாசிக்கலாம். குறைந்த இழுப்புக்கென்றே செய்யப்பட்டிருப்பதால் இதில் எஃகுத் தந்தியை ஒருபோதும் மாட்டக்கூடாது. தந்திகளைக் கட்டியிருக்கும் பாலம் பெயர்ந்துவிடும், மேல்பலகை புடைத்துவிடும்.

குறையும் உண்டு. கழுத்தின் அகலம் நட் (தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் பட்டை) அருகே 52 மி.மீ. என்பதால் சிறிய கைகளுக்கு, ஒரே விரலால் பல தந்திகளை அழுத்தும் பாரே கார்டுகள் எளிதில் எட்டா. பத்து வயதுக் குழந்தைக்கு, 580 மி.மீ. தந்தி நீளமுள்ள, இதைவிடச் சிறிய யமஹா சிஎஸ்40-ஐயே நான் பரிந்துரைப்பேன். பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) பிடித்துத் தாளமிட்டுப் பாடுவதே நோக்கமென்றால், எஃகுத் தந்தி பூட்டிய யமஹா எஃப்310 பொருத்தமானது.

எந்தக் கிட்டாரானாலும் கடையிலேயே பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் (விரற்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) சோதித்துப் பாருங்கள். கிளாசிக்கலில் அங்கே தந்தியின் உயரம் மெல்லிய தந்திக்கு 3 மி.மீ., தடித்த தந்திக்கு 4 மி.மீ. அளவில் இருப்பது வழக்கம். அதைவிட மிக உயர்ந்திருந்தால், பாலத்தில் தந்திகளைத் தாங்கும் சாடிலைத் தேய்த்துத் தரும்படி கேளுங்கள். அதே ஃப்ரெட்டின் மேல் தந்தியை மெல்லத் தொட்டு எழுப்பும் ஒலியும், அழுத்தி எழுப்பும் ஒலியும் ஒரே சுருதியில் இருக்க வேண்டும். இல்லையெனில் எத்தனை முறை சுருதி சேர்த்தாலும் கார்டு பிசிறும்.

கூடவே வாங்க வேண்டியது கிட்டாரின் தலையில் கவ்வவைத்துச் சுருதி பார்க்கும் கிளிப் டியூனர் ஒன்றுதான். அது காற்றில் வரும் ஒலியைக் கேளாமல் மரத்தின் அதிர்வை உணர்வதால், மின்விசிறி சுழலும், தொலைக்காட்சி ஓடும் வீட்டிலும் பிழையின்றிக் காட்டும். புதிய நைலான் தந்தி முதல் சில நாட்கள் நீண்டுகொண்டே போகும்; அந்த நாட்களில் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் சுருதி சேர்க்க நேர்வது பழுதல்ல.