பொள்ளாச்சில ஆம்னி வைப்பர் சரி பண்ண கடை, என் அனுபவம்

எங்க வண்டி 2009 மாடல் மாருதி ஆம்னி. பொள்ளாச்சி மார்க்கெட்ல காய்கறி ஏத்திட்டு வாரத்துல ரெண்டு நாள் வால்பாறை போகும். அந்த ரோடு தெரிஞ்சவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, ஆழியாறு தாண்டினா 40 கொண்டை ஊசி வளைவு, ஜூன்ல புடிச்சா செப்டம்பர் வரைக்கும் மழை, மழை விட்டா பனிமூட்டம். பிரேக்குக்கு அடுத்தபடியா அங்க வைப்பர்தாங்க உசுரு.

போன வருசத்துல இருந்தே வைப்பர் மெதுவாத்தான் ஓடுச்சு. ஹெட்லைட் போட்டா இன்னும் மெதுவாகும். ஆஃப் பண்ணா கீழ போய் படுக்காம கண்ணாடிக்கு நடுவுலயே நின்னுக்கும், கையில தள்ளி விடுவேன். பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன், அது தப்பு. ஜூலைல ஒருநாள் அட்டகட்டிக்கு கொஞ்சம் முன்னாடி நல்ல மழைல டிரைவர் பக்கத்து வைப்பர் கை டக்குன்னு நின்னுருச்சு, அந்தப் பக்கத்து கை மட்டும் ஆடிட்டு இருக்கு, எனக்கு முன்னாடி ஒண்ணுமே தெரியல. ஓரங்கட்டி நிறுத்துனோம். கூட வந்த மாமா வெத்தலைக்கு வெச்சிருந்த போயிலய எடுத்து ஈரக் கண்ணாடில நல்லா தேச்சு விட்டாரு, தண்ணி பொட்டுப் பொட்டா நிக்காம வழிஞ்சு ஓடுச்சு, அத வெச்சு அட்டகட்டி வரைக்கும் ஊர்ந்து போய் சேர்ந்தோம். லாரிக்காரங்க ரொம்ப காலமா பண்றதுதான் இது, ஆனா சாரல் மழைக்குத்தான் தாங்கும், கொட்டற மழைல ஓட்ட அத நம்பாதீங்க.

மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டேன், பேரு வேணாம். கழட்டியே பாக்கல, சுவிட்ச போட்டுப் பாத்துட்டு மோட்டார் போச்சுன்னு சொல்லிட்டாங்க. புது மோட்டார், கூலி எல்லாம் சேத்து 3,200 ரூபா ஆச்சு. நின்னுபோன கைக்கு, மோட்டார்ல இருந்து கைய இழுக்கற ராடை மாட்டி கம்பி வெச்சு கட்டி விட்டாங்க. மூணே வாரம், திரும்பவும் அதே மெதுவு, கம்பியும் அறுந்துருச்சு. புது மோட்டார் போட்டும் அப்படி ஆனதுலதான் எனக்கு வயிறு எரிஞ்சுது.

அப்புறந்தான் உடுமலை ரோட்டுல ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன் கடைக்குப் போனேன், சரக்கு ஆட்டோ ஓட்டற ஃப்ரெண்ட் சொல்லி விட்டது. சின்னக் கடை, ரெண்டு வண்டி நின்னா இடம் முடிஞ்சுது, போர்டுல எழுத்தெல்லாம் வெயில்ல வெளுத்துப் போயிருக்கு. இந்த ரிவ்யூவே அவருக்காகத்தான் எழுதறேன்.

அவரு மொதல்ல கேட்டது, “ஏந்தம்பி, பழைய மோட்டார் வெச்சிருக்கீங்களா?” நல்லவேளை வண்டி பின்னாடியே கிடந்துச்சு. டேபிள் மேல வெச்சு பேட்டரில வயர் குடுத்தாரு, ஜம்முன்னு ஓடுது. எனக்கு பேச்சே வரல. அப்புறம் வண்டில மோட்டார்ல இருந்து ராடை மட்டும் கழட்டிட்டு சுவிட்ச போட்டாரு, புது மோட்டாரும் அதே மாதிரி லேசா ஓடுச்சு. அப்படியே வைப்பர் கைய புடிச்சு ஆட்டச் சொன்னாரு. ஆட்டவே முடியல, துருப்புடிச்ச கதவு கீல் மாதிரி இறுகிக் கிடக்கு. “இத்தன பாரத்த எந்த மோட்டார் தம்பி இழுக்கும்?”னு கேட்டாரு.

விசயம் என்னன்னா, வைப்பர் கை மாட்டியிருக்கற ஷாஃப்ட் ரெண்டும் கண்ணாடிக்குக் கீழ வெளிய நீட்டிட்டு இருக்கு, அதுக்கு மேல ஒரு ரப்பர் மூடி இருக்கணும், எங்க வண்டில அது வெடிச்சு எப்பவோ போயிருச்சு. மழைத் தண்ணி உள்ள எறங்கி எறங்கி கிரீஸ் காஞ்சு கல்லாட்டம் ஆயிருச்சு. ஆம்னிக்கு இன்ஜின் சீட்டுக்கு அடியில, முன்னாடி தொறந்து பாக்க பானெட் இல்ல, டேஷ்போர்டுக்கு உள்ள கைய விட்டுத்தான் எல்லாம் பாக்கணும், அதனாலயே பாதிப் பேரு ராடு பக்கம் போகவே மாட்டாங்கன்னு சொன்னாரு. லாக்க கழட்டி ஷாஃப்ட தட்டி உருவி, மண்ணெண்ணெய்ல கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, புது கிரீஸ் வெச்சு மாட்டுனாரு. மாட்டுனதும் கைய ஒரு விரல்ல தள்ளுனேன், அங்கிட்டு இங்கிட்டு போகுது. அந்த ஒரு வேலைக்கே காசு குடுக்கலாம்.

கை நின்னுபோனதுக்குக் காரணம் வேற. ராடு முனைல ஒரு பிளாஸ்டிக் புஷ் இருக்கு, அதுதான் ராடு சேர்ற எடத்துல இருக்கற இரும்பு உருண்டை மேல கவ்விப் புடிக்கும், அது தேஞ்சு ராடு கழண்டு விழுந்திருக்கு. கம்பி கட்டுனா உருண்டையும் சேந்து தேயும், அப்புறம் ராடு செட்டையே மாத்தணும். எனக்கு நல்லநேரம், புஷ் மட்டும் மாத்துனதோட போச்சு. ஆம்னி 2019ல நின்னு போனாலும் இந்த மாதிரி சில்லறை சாமானுக்கு இன்னும் பஞ்சமில்ல.

எனக்கு ரொம்பப் புடிச்சது அவரு மீட்டர் வெச்சு பாத்ததுதான். வைப்பர ஓட விட்டு மோட்டார் பாடிக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல வெச்சாரு, ஒண்ணரை வோல்ட் கிட்ட காட்டுச்சு. அங்க கிட்டத்தட்ட ஒண்ணுமே காட்டக் கூடாதாம். எர்த், அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பற வழி, அத புடிக்கற போல்ட்டுக்கு அடியில துரு, மேல பெயிண்ட் வேற. 12 வோல்ட் சிஸ்டத்துல ஒண்ணரை அங்கயே தொலஞ்சா மோட்டார் எப்படி ஓடும். சுத்தமா சொரண்டிட்டு, தனியா ஒரு வயர் இழுத்து பாடில எர்த் குடுத்தாரு. இப்ப ஹெட்லைட் போட்டாலும் வைப்பர் அதே வேகம்.

நடுவுல நிக்கற பிரச்சினை புது மோட்டார்லயும் இருந்துச்சே அது ஏன்னு கேட்டேன். மோட்டார் மூடிக்கு உள்ள ஒரு தகடு காண்டாக்ட் இருக்கு, நாம சுவிட்ச ஆஃப் பண்ணாலும் கை கீழ வர்ற வரைக்கும் அது வழியாத்தான் கரண்ட் போகும். பழைய மோட்டார்ல அது கருத்துப் போயிருந்துச்சு, தேச்சு சுத்தம் பண்ணி குடுத்துட்டாரு, இப்ப அது வண்டில ஸ்பேரா கிடக்கு. புது மோட்டார்ல காண்டாக்ட் நல்லாத்தான் இருக்கு, மாட்டுனவங்க மோட்டார ஒரு தடவ ஓட்டி அது நிக்கற எடத்துல நிறுத்தாம கைய மாட்டிட்டாங்க, அவ்ளோதான். சுவிட்ச போட்டு ஆஃப் பண்ணி மோட்டார் தானா நின்னதுக்கு அப்புறம் கைய கீழ படுக்க வெச்சு நட்டு முறுக்கணும்.

பிளேடு நான் வாங்கிட்டு வந்ததையே போட்டுக் குடுத்தாரு. பழச கொண்டு போய் அளந்து வாங்குங்க, கடைக்காரர் சொல்ற அளவ நம்பி வாங்கி ஏற்கனவே ஒருதடவ நீளமானது வந்து ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முட்டிக்கிச்சு. புது பிளேடு போட்டும் டர்ர்னு சத்தம் வந்தா கை லேசா முறுக்கியிருக்கும், ரப்பர் கண்ணாடி மேல நேரா நிக்கற மாதிரி ஸ்பேனர் வெச்சு கொஞ்சம் திருப்பி விட்டாரு, சத்தம் நின்னுருச்சு. ஃபியூஸ் அடிக்கடி போச்சுன்னா பெரிய ஃபியூஸ் மட்டும் போட்டுராதீங்கன்னு ரெண்டு தடவ சொன்னாரு, கை இறுகி நின்னா மோட்டார் கரண்ட அதிகமா இழுக்கும், ஃபியூஸ் போகலேன்னா வயர்தான் எரியும்.

மொத்தம் 750 ரூபா வாங்குனாரு, புஷ், ரப்பர் மூடி, வயர், கூலி எல்லாம் சேத்து. கழட்டுன பழைய புஷ்ஷையும் கையில குடுத்தாரு.

குறைன்னு பாத்தா பில்லு கிடையாது, துண்டுச் சீட்டுல எழுதித்தான் குடுப்பாரு. ஒரே ஆளு, பையன் ஒருத்தன் கூட இருக்கான், அதனால ஒரு நாள் ஃபுல்லா வண்டி அங்கதான் நிக்கும், வாடகைக்கு ஓட்டறவங்க அத யோசிச்சுட்டுப் போங்க. தண்ணி அடிக்கற நாசில் அடைச்சிருந்தத சொல்ல மறந்துட்டேன், அவரும் பாக்கல, வீட்டுல ஊசி விட்டு நானே எடுத்தேன்.

சரி பண்ணி ரெண்டு மாசம் ஆச்சு. ஆகஸ்ட் மழைல எட்டு தடவ மேல போய்ட்டு வந்துட்டோம், ரெண்டு கையும் ஒரே வேகம், ஆஃப் பண்ணா கீழ போய் படுக்குது. மாமா இன்னும் போயில டப்பாவ டேஷ்போர்டு மேலதான் வெக்கறாரு, ஆனா கண்ணாடிக்கு அதத் தொடல.

ஞாயித்துக்கிழமை கடை லீவு. மழை சீசன்ல காலைல 9 மணிக்கே வண்டிய கொண்டு போய் விட்டுருங்க, பொழுதோட கைக்கு வந்துரும்.