மக்ஷேனின் ஓராண்டு வேதவாசிப்பு அட்டவணை: பரிசுத்த வாழ்வுக்கு எவ்வளவு உதவும்?

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரப் போதகர் ராபர்ட் மர்ரே மக்ஷேன் 1842-ல் தம் சபையாருக்காகத் தயாரித்த பைபிள் வாசிப்பு அட்டவணை இது. ஓராண்டில் பழைய ஏற்பாடு ஒருமுறை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இருமுறை. தினமும் ஏறக்குறைய நான்கு அதிகாரங்கள்: இரண்டு குடும்ப ஜெபத்துக்கு, இரண்டு தனி ஜெபத்துக்கு. ஜனவரி 1 அன்று ஆதியாகமம், மத்தேயு, எஸ்றா, அப்போஸ்தலர் நான்கிலும் முதல் அதிகாரம்.

பிடித்த பகுதிகளோடு நின்றுவிட இது விடாது. அதுதான் இதன் பெரிய பலம். பழைய ஏற்பாட்டின் சட்டப் புத்தகமான லேவியராகமத்தைப் படிக்காமல் தாண்டிப் போகிறவர்கள் 19-ம் அதிகாரத்தை இழக்கிறார்கள். பரிசுத்தராயிருக்கச் சொல்லும் அதே அதிகாரம்தான் கூலியை விடியும்வரை வைத்துக்கொள்ளாதே, தராசில் ஏமாற்றாதே, வயலின் ஓரத்தை ஏழைக்கு விடு என்கிறது. கல்லாப்பெட்டிவரை வந்துவிடுகிறது பரிசுத்தம்!

குறை, வேகம். ஒரு வாரம் தவறினால் சுமார் 28 அதிகாரங்கள் பாக்கி. அதைத் துரத்திப் படித்தால் மனந்திரும்ப நேரமிருக்காது. பாக்கியை விட்டுவிட்டு அன்றைய தேதியில் சேர்ந்துகொள்ளுங்கள். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள் தனி ஜெபப் பகுதியை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொண்டு இரண்டு அதிகாரங்களோடு தொடங்கலாம். வாசித்ததில் கீழ்ப்படிய வேண்டிய ஒன்றை மட்டும் எழுதி, இரவில் அதைச் சொல்லி ஜெபியுங்கள். அட்டவணையில் அதற்குக் கட்டம் கிடையாது. ஓரத்தில் நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும்.