62 லட்சத்துக்கு ஒரு பட்டாசல்

திருநெல்வேலி டவுனில், தெற்கு ரத வீதியிலிருந்து பிரியும் ஒரு முடுக்கில், பழைய இரண்டு கட்டு வீட்டைப் புதுப்பித்து நான்கு பிளாட்டாக விற்கிறார்கள். கீழே முன்பக்கத்து வீட்டை அம்மாவோடு போய்ப் பார்த்தேன். 840 சதுர அடி, 62 லட்சம். அம்மாவுக்கு நெல்லையப்பர் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு வேண்டும். எனக்குத் திண்ணை வைத்த வீட்டின் மேல் சின்ன வயதிலிருந்தே ஒரு கண்.

மர வேலையைக் குறை சொல்ல முடியாது. வாசல் கதவில் பல வருஷத்துப் பெயிண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு எண்ணெய் மட்டும் பூசியிருக்கிறார்கள். ஒவ்வொரு குமிழும் எடுப்பாகத் தெரிகிறது. பட்டாசலில், அதாவது முன்கூடத்தில், அண்ணாந்து பார்த்தால் தேக்கு உத்திரம், அதன் மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்பில் போட்ட மட்டப்பா. ஃபால்ஸ் சீலிங் போட்டு அதை மறைக்காமல் விட்டதற்கே தனி மார்க் கொடுக்கலாம். ஏப்ரல் மாதம், மத்தியானம் இரண்டு மணி. மின்விசிறி இல்லாமல் நிற்க முடிந்தது.

தரையில்தான் கொஞ்சம் மனசு ஒட்டவில்லை. பழைய காவித் தரையைப் பெயர்த்துவிட்டு ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறார்கள். அழகுதான், ஆனால் அது செட்டிநாட்டுச் சமாசாரம். படுக்கையறையில் மட்டும் காவித் தரை தப்பியிருக்கிறது. அம்மா வெறுங்காலோடு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள்.

என் தாத்தா காரை வேலை, அதாவது சுண்ணாம்புச் சாந்துப் பூச்சு வேலை, பார்த்த கொத்தனார். அம்மாவும் சின்னப் பிள்ளையாக அவர்கூடச் சுண்ணாம்பு சுமந்தவள். அடுக்களைச் சுவரில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் உள்ளங்கையை வைத்தாள். "ஏட்டி, இங்கன தொட்டுப் பாரு." ஜில்லென்று இருந்தது. நகத்தால் லேசாகக் கீறினாள். பெயிண்டும் பட்டியும் சேர்ந்து அப்பளம் மாதிரி எழும்பி வந்தன. அடியில் வெள்ளையாக உப்பு.

பழைய சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், இழுத்ததைக் காற்றில் விட்டும்விடும். அதன் மேல் சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, பிளாஸ்டிக் பெயிண்டும் அடித்துவிட்டால் ஈரம் எங்கே போகும்? உப்பாகப் பூத்துப் பூச்சைத் தள்ளும். இத்தனைக்கும் வேலை முடிந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. வீட்டைக் காட்ட வந்த தம்பி, "இன்னொரு கோட் அடிச்சா சரியாயிரும்க்கா" என்றார். அம்மா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

குளியலறை புதுசு, தண்ணீர் நன்றாக வருகிறது. கார் முடுக்குக்குள் நுழையாது. ஆனித் தேர் ஓடுகிற அன்று ரத வீதியிலும் நிறுத்த முடியாது. இருட்டுக்கடைக்கு நடந்தே போகலாம் என்று அந்தத் தம்பி மூன்று தடவை சொன்னார். அல்வாவையும் விலையில் சேர்த்துவிட்டார்களோ என்னவோ.

அப்புறம் பத்திரம். மனையில் பிரிபடாத பங்கு எவ்வளவு என்றால் "நாலுல ஒண்ணு" என்கிறார். முற்றமும் கிணறும் யாருக்கு என்றால் "எல்லாருக்கும் பொது". பேச்சில் எல்லாம் பொதுதான், அதைப் பத்திரத்தில் எழுதிக் காட்டச் சொன்னேன். இவ்வளவு பழைய வீட்டில் வாரிசுகள் எத்தனை கிளையோ. வில்லங்கச் சான்றோடு மூலப்பத்திரத்தையும் வக்கீலிடம் காட்டாமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 62 லட்சத்துக்கு 5 லட்சத்து 58 ஆயிரம் தனி.

நேற்று போன் வந்தது. 58க்கு முடித்துத் தருகிறாராம். சிமெண்ட் பூச்சை உரித்துவிட்டுச் சுண்ணாம்பில் பூசித் தந்தால் 62க்கே பேசலாம் என்றேன்.

"இப்பம் காரை அரைக்க ஆளு எங்கக்கா இருக்கு?" என்றார்.

போனை அம்மாவிடம் கொடுத்தேன்.