ரேடாரையும் ஒளியியல் படத்தையும் சேர்த்துப் பார்த்த ஏழு சம்பா

2018 சம்பாவில் தொடங்கினேன். திருவாரூர் பக்கம் எவ்வளவு பரப்பில் நெல் நிற்கிறது என்று செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துச் சொல்லும் வேலை. அதுவரை எனக்குப் பழக்கம் அமெரிக்காவின் லேண்ட்சாட் 8 செயற்கைக்கோள் மட்டும்தான். அதன் படம் பேண்ட் என்னும் தனித்தனி ஒளிப்பட்டைகளாக வரும். ஒரு பிக்சல் தரையில் 30 மீட்டர் இருக்கும் வண்ண பேண்டுகளை 15 மீட்டர் இருக்கும் கறுப்பு வெள்ளை பேண்டோடு கலந்து கூர்மையாக்குவேன்; இதற்குப் பெயர் பான்ஷார்ப்பனிங். ரோடும் வாய்க்காலும் கோடு கிழித்ததுபோல் தெரியும். கூட்டத்தில் காட்டினால் பாராட்டு நிச்சயம்.

அதே படத்தில் என்டிவிஐ கணக்கிட்டதுதான் தப்பு. அகச்சிவப்புக்கும் சிவப்புக்கும் உள்ள வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து, பயிரின் பசுமையைச் சொல்லும் எண் அது. கறுப்பு வெள்ளை பேண்ட் 0.50 முதல் 0.68 மைக்ரோமீட்டர் வரைதான் பார்க்கும்; அகச்சிவப்பு அதில் வராது. புரோவி முறையில் கலந்தால் சிவப்பையும் அகச்சிவப்பையும் ஒரே எண்ணால் பெருக்குவதால், வகுக்கும்போது அது அடிபட்டுப் போய் பழைய 30 மீட்டர் விவரம்தான் மிஞ்சும். வேறு முறைகளில் மதிப்பே நகர்ந்துவிடும். இப்போது பான்ஷார்ப்பனிங் எனக்கு வரைபட அட்டைக்கு மட்டும்.

அப்புறம் மேகம். கேமராபோல் ஒளியில் படமெடுக்கும் ஐரோப்பியச் செயற்கைக்கோள் சென்டினல் 2 ஐந்து நாளுக்கு ஒரு முறை வருகிறது என்பார்கள். வருகிறது, உண்மைதான். டெல்டாவில் நவம்பர் முழுக்க அது எடுத்துத் தருவது வெள்ளைப் பஞ்சு. அதனால்தான், தானே ரேடியோ அலையை அனுப்பித் திரும்பி வருவதைப் படமாக்கும் சென்டினல் 1 ரேடாருக்குப் போனேன். மேகம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை, 12 நாளுக்கு ஒரு படம் உறுதி. சேறடித்துத் தண்ணீர் கட்டிய வயல் அதில் கறுப்பாக விழும். தட்டையான தண்ணீர் அலையைத் திருப்பி அனுப்பாமல் கண்ணாடிபோல் அப்பால் தெறிக்கவிட்டுவிடும். நட்டு, பயிர் தூர் கட்டக் கட்ட அதே இடம் வெளுத்துக்கொண்டே வரும். இந்தக் கறுப்பு வெளுப்பு வரிசையைப் பார்த்தே நடவு எந்த வாரம் என்று ஓரளவு சொல்லிவிடலாம். மீன் குட்டையென்றால் சீசன் முழுக்கக் கறுப்பாகவே கிடக்கும்.

முதல் இரண்டு வருடம் ரேடார் பேண்டையும் ஒளியியல் பேண்டையும் ஒரே அடுக்காகக் கட்டி வகைப்படுத்தும் நிரலுக்குள் தள்ளினேன். மேகம் விழுந்த இடமெல்லாம் ஓட்டை. ஓட்டையை நிரப்பப் போனால் பொய் மதிப்பு. பிறகு பிக்சலைக் கலப்பதை விட்டேன். நெல்லா இல்லையா என்பதை முதலில் ரேடார் வரிசை சொல்லட்டும், ஜனவரியில் வானம் தெளிந்ததும் வரும் ஒளியியல் படம் அதைச் சரிபார்க்கட்டும் என்று பிரித்துக் கொடுத்தேன். அதற்கப்புறம்தான் என் கணக்கு, விஏஓ எழுதும் பயிர்ப் பதிவேடான அடங்கலுக்குப் பக்கத்தில் வந்தது.

ஏரிகளுக்கும் இதே கதைதான். ஆகாயத்தாமரை மூடிய ஏரி ரேடாரில் தண்ணீராகத் தெரியாது, ஒளியியல் படத்தில் பச்சை வயல்போல் ஏமாற்றும். இரண்டையும் பழைய படங்களோடு வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும். பலமாகக் காற்றடித்த நாளில் திறந்த தண்ணீர்கூட வெளுத்துப் போகும், அது வேறு தொல்லை.

ஒரு தடவை நன்றாக மாட்டிக்கொண்டேன். 2022 ஜனவரி 25 முதல் சென்டினல் 2 படங்களில் பிக்சல் மதிப்போடு 1000 கூட்டித் தர ஆரம்பித்தார்கள். முன்கூட்டியே அறிவித்ததுதான், நான் படிக்கவில்லை. கழிக்காமல் ஓட்டினேன், என்டிவிஐ எல்லா இடத்திலும் இறங்கிவிட்டது. தாளடிப் பயிருக்கு ஏதோ நோய் என்று அறிக்கைகூட எழுதத் தொடங்கிவிட்டேன். ஊரில் தெரிந்த விவசாயி ஒருவருக்குப் போன் போட்டால், “பயிர் நல்லாத்தானே நிக்குது, யாரு சொன்னா?” என்றார்.

இதுவரை தீராதது திருத்துறைப்பூண்டிப் பக்கத்து நேரடி விதைப்பு. காய்ந்த புழுதியில் விதைப்பதால் தொடக்கத்தில் தண்ணீர் கட்டுவதில்லை, ரேடாரில் அந்தக் கறுப்பே வராது. ஜனவரிப் பச்சையை வைத்துத்தான் அங்கே நெல்லைப் பிடிக்கிறேன், விதைத்த தேதி கிடைக்காது. 2025 ஜூலை 30இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன, நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த ரேடார் செயற்கைக்கோள் நைசாரின் எல் பேண்ட் அலையின் நீளம் சுமார் 24 சென்டிமீட்டர், சென்டினல் 1க்கு ஐந்தரைதான். நீண்ட அலை உதவும் என்று நண்பர்கள் அதை நம்பச் சொல்கிறார்கள். வயலில் இல்லாத தண்ணீரை எந்த அலையும் காட்டாது என்பது என் எண்ணம். இருந்தாலும் அதன் படங்களையும் இறக்கி வைக்க இன்னொரு ஹார்ட் டிஸ்க் வாங்கிவிட்டேன்.