உருளும் முனை வைத்த வெள்ளைப் பிரம்பு: ஒன்பது மாதம் பாவித்த பிறகு

நான் வாங்கியது 120 சென்ரிமீற்றர் நீளமான, நான்காக மடிகிற அலுமினியப் பிரம்பு. உள்ளே இலாஸ்ரிக் கயிறு ஓடுகிறது. கைபிடி இறப்பர். நிலத்தில் படுகிற முனையில் தேசிக்காய் அளவில் ஒரு நைலோன் உருளை, அது பெயாரிங்கில் சுற்றும். இந்தப் பிரம்பைப் பற்றி நான் சொல்ல வருவதெல்லாம் அந்தத் தேசிக்காயைப் பற்றித்தான்.

எனக்கு 54 வயது. திருகோணமலையில் 22 வருடம் விஞ்ஞானம் படிப்பித்தேன். குளுக்கோமா என்ற கண்நோய் ஓரத்தில் இருந்து பார்வையைத் தின்றுகொண்டு வந்து, மூன்று வருடத்துக்கு முன்னர் நடுவையும் முடித்தது. இப்போது யன்னல் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும்.

முதல் பிரம்பை ஒரு பாமசியில் வாங்கினேன். வயதானவர்கள் ஊன்றி நடக்கிற தடிக்கு வெள்ளை நிறம் பூசிக் கொடுத்திருந்தார்கள் என்று பிறகுதான் விளங்கியது. இடுப்பளவு உயரம், அடியில் தடித்த இறப்பர் குமிழ். அதைப் பிடித்துக்கொண்டு போன இரண்டாம் கிழமை, மூடி இல்லாத கானுக்குள் கால் போய் முழங்கால் கிழிந்தது. தடி கானைக் கண்டுபிடித்ததுதான். ஆனால் அது கண்டுபிடித்தபோது என் காலும் அங்கேதான் இருந்தது. தயவுசெய்து நீளத்தைப் பார்த்து வாங்குங்கள். நேராக நின்றால் பிரம்பு நெஞ்செலும்பு வரை வரவேண்டும். அப்போதுதான் ஓரிரு அடி எடுத்து வைப்பதற்கு முன்னர் சேதி வரும்.

நீளம் மட்டும் போதாது, முனை பேசவும் வேண்டும். தடித்த இறப்பர் எல்லா அதிர்வையும் விழுங்கிவிடும். இந்த உருளை அப்படி இல்லை. தார் வீதியில் ஒரே சீரான இரைச்சல். கிறவலில் கடகடப்பு. கானின் கொங்கிறீற் மூடிக்கு மேல் வந்தால், கீழே வெற்றிடம் என்பதால், வெறுங்குடத்தைத் தட்டியது போல ஒரு சத்தம். அதிர்வு வருவது உள்ளங்கைக்கு, ஆனால் நான் அதை உணர்வது நாலு அடி தள்ளி, முனை இருக்கிற இடத்தில். மண்ணைத் தொடுவது நான்தான் என்று இருக்கிறது. இது பிரம்பு கையில் வந்த அன்றைக்கே வராது. எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

அந்த முதல் மாதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அந்த மாதத்திலேயே பிரம்பை மூலையில் வைத்துவிடுகிறார்கள். உவர்மலையில் எங்கள் படலையில் இருந்து ஒழுங்கை முனைக்கு 200 மீற்றர் இருக்காது. போய் வந்தால் தலை இடிக்கும், படுத்துவிடுவேன். எல்லாச் சத்தமும் ஒன்றாக வந்து விழும். எது ஓட்டோ, எது காகம், எது என் பிரம்பு என்று பிரிக்க முடியாது. கண் போனால் காது கூர்மையாகும் என்று ஊரில் சொல்லுவார்கள். காதுக்கு வருகிற சத்தம் அதேதான். அதைப் பிரித்து அடுக்குகிற வேலையை மூளை புதிதாகப் பழக வேண்டியிருக்கிறது, அதற்குத்தான் அந்தக் களைப்பு.

ஆறாம் கிழமை ஒரு காலையில், மதிலோடு நடந்துகொண்டிருந்தபோது மதில் முடிந்தது எனக்குத் தெரிந்தது. பிரம்பு அதில் படவில்லை. வலது கன்னத்தில் இருந்து ஏதோ விலகியது போல இருந்தது. திரும்பிப் போய் மீண்டும் நடந்து பார்த்தேன், அதே இடத்தில் அதே உணர்வு. அன்றைக்கு அந்த மதிலோடு எட்டுத் தடவை நடந்தேன்.

கன்னத்தில்தான் தெரிந்தது என்று மகனிடம் அடித்துச் சொன்னேன். அவன் தேடி வாசித்துக் காட்டினான். பார்வையற்ற பலர் இதையே சொல்லியிருக்கிறார்கள், முன்னர் இதை ‘முகப்பார்வை’ என்றே அழைத்திருக்கிறார்கள். 1944 இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் டாலன்பாக் என்ற பேராசிரியரும், பார்வையற்ற மாணவரான சூப்பா உள்ளிட்டவர்களும் இதைச் சோதித்தார்கள். தங்கள் காலடிச் சத்தம் காதில் விழுந்தபோது சுவரில் மோதாமல் முன்னாலேயே நின்றுவிட்டவர்கள், காதை அடைத்ததும் போய் மோதினார்கள். கன்னம் என்று நான் நினைத்ததும் காதுதான். பிரம்பின் சத்தம் மதிலில் பட்டுத் திரும்பி வருகிறது, மதில் முடிந்ததும் வராமல் விடுகிறது. அப்போதுதான் இந்த உருளையின் அருமை எனக்கு முழுதாகப் புரிந்தது. வாய் திறக்காமலே சத்தம் போட்டுக்கொண்டு போகிற முனை அது.

படிப்பித்த காலத்தில் மூளைப் படத்தைக் கரும்பலகையில் எத்தனை தரம் கீறியிருப்பேன்! பிடரிப் பக்கத்தில் ஒரு துண்டை நிழற்றி, ‘பார்வை’ என்று எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போவேன். அந்தத் துண்டு பார்வைக்கு மட்டும் எழுதி வைத்த காணி இல்லை. சிறுவயதிலேயே பார்வை இழந்தவர்கள் விரலால் பிரெயில் வாசிக்கும்போது அந்தப் பார்வை மேற்பட்டை வேலை செய்கிறது என்று சடாற்றோ குழுவினர் 1996 இல் காட்டினார்கள். அடுத்த வருடம் கோஹன் குழுவினர் காந்தத் துடிப்பால் அந்த இடத்தைக் குழப்பியபோது, வாசிப்பு பிழைத்தது. ஆனால் 1999 இல் அதே கோஹன், 14 வயதுக்குப் பிறகு பார்வை போனவர்களில் இந்த மாற்றத்தைக் காணவில்லை என்று எழுதினார். மகன் அந்த வரியை மெல்லமாக வாசித்தான். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு அவனே வேறு இரண்டைத் தேடி எடுத்தான். நல்ல பார்வை உள்ள வளர்ந்தவர்களின் கண்ணை 5 நாள் முழுதாகக் கட்டி வைத்துப் பிரெயில் பழக்கியபோது, அவர்களுடைய பார்வை மேற்பட்டையும் தொடுகைக்குப் பதில் சொல்லத் தொடங்கியது. கட்டை அவிழ்த்து ஒரு நாளுக்குள் அது நின்றுவிட்டது. 2008 இல் வந்த ஆய்வு அது. மற்றது 2021 இல், இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தில் லோர் தாலர் குழுவினர் செய்தது. பார்வையற்றவர்கள் 12 பேர், பார்வை உள்ளவர்கள் 14 பேர், நாக்கால் சொடுக்கி எதிரொலியைக் கேட்டு வழி அறிய 10 கிழமைப் பயிற்சி. மூத்தவருக்கு 79 வயது. வயது தடையாக இருக்கவில்லை. சிறுவயதில் நடக்கிற அளவுக்கு என் மூளை மாறாமல் இருக்கலாம். ஆனால் மதில் முடிகிற இடம் எனக்குத் தெரிகிறது.

இன்னொன்றையும் இங்கே எழுதிவிடுகிறேன், யாராவது இரவில் தனியாகப் பயந்துகொண்டிருக்கக்கூடும். பார்வை போன முதல் வருடம் எனக்குக் கோலங்கள் தெரிந்தன. செங்கட்டிச் சுவர், வலை, சில நேரம் தொப்பி போட்ட சின்ன மனிதர்கள். பக்கத்து வீட்டு அக்கா நூல் கட்டச் சொன்னா. எனக்கு மனம் பேதலிக்கிறதோ என்று யாரிடமும் வாய் திறக்கவில்லை. இதற்கு சார்ள்ஸ் பொனே நோய்க்குறி என்று பெயர். சுவிஸ்காரரான பொனே 1760 இல் தன் பாட்டனாருக்கு நடந்ததை எழுதி வைத்தார். கண்ணில் இருந்து சேதி வராதபோது பார்வை மேற்பட்டை தானாகவே படம் போடுகிறது, அவ்வளவுதான். வைத்தியரிடம் சொல்லுங்கள், வீட்டாரிடமும் சொல்லுங்கள்.

சரி, பிரம்புக்கு வருகிறேன். குறைகள் இருக்கின்றன. டச்சு பே கடற்கரைக்கு ஒருதரம் கொண்டு போனேன், மணல் பெயாரிங்குக்குள் போய் உருளை இறுகிவிட்டது. வீட்டில் கழற்றிக் கழுவி, உலர்த்தி, தையல் மெசினுக்கு விடுகிற எண்ணெய் இரண்டு சொட்டு விட்ட பிறகுதான் சுற்றியது. உப்புக்காற்றில் மடிப்பு மூட்டுகளும் இறுகுகின்றன, கிழமைக்கு ஒருதரம் ஈரத் துணியால் துடைக்கிறேன். மெல்லிய முனையை விட இது பாரம் கூட. முதல் இரண்டு மாதம் மணிக்கட்டு நோகும்.

கோணேசர் கோவிலுக்கு ஏறும்போது இந்தப் பிரம்பின் நன்மையும் எல்லையும் ஒன்றாகத் தெரிந்துவிடும். கோட்டை வாசலின் வளைவுக்குள் நுழைந்ததும் உருளைச் சத்தம் நாலு பக்கத்தாலும் வந்து சூழ்கிறது, வெளியே வந்ததும் விரிந்துவிடுகிறது. அந்த இரண்டு அடிக்குள் வாசலின் அகலத்தைச் சொல்லிவிடுவேன். மேலே ஏற ஏறக் காற்றும் கடலும் எல்லா எதிரொலியையும் அடித்துக்கொண்டு போகின்றன. அங்கே காதை நம்பக் கூடாது, நான் மகனின் முழங்கையைப் பிடித்துக்கொள்வேன். செருப்பைக் கழற்றிய பிறகு பிரம்பை மடித்துப் பையில் வைத்துவிடுகிறேன். வெறுங்கால் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது.

இடுப்புக்கு மேலே இருப்பதை எந்தப் பிரம்பும் சொல்லாது. நடைபாதையில் நிறுத்திய லொறியின் பின்பலகை, கொடிக்கம்பி, தாழ்ந்த மாங்கொப்பு எல்லாம் முகத்துக்குத்தான் வரும். தொப்பி போடுங்கள். நடைபாதையில் வாகனம் விடுகிற தம்பிமாரிடம் நான் நின்று சொல்லிவிட்டுத்தான் போகிறேன், பெரும்பாலானவர்கள் உடனே எடுத்துவிடுகிறார்கள். உதவிக்கு வருகிறவர்கள் பிரம்பைப் பிடித்து இழுக்காதீர்கள். இழுத்த நொடியில் எனக்கு நிலம் இல்லாமல் போகிறது. “ரீச்சர், நான் பக்கத்தில நிக்கிறன்” என்று என் பழைய மாணவன் ஒருவன் சொல்லித் தன் முழங்கையைத் தருவான். அது போதும்.

உருளை ஏழாம் மாதம் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகியது. சத்தம் மாறியதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். மாற்று முனை கேட்கும்போது கொக்கியில் மாட்டுவதா, குழாய்க்குமேல் செருகுவதா என்று முதலில் உங்கள் பிரம்பைத் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றின் இடத்தில் மற்றது ஏறாது. நான் ஒருதரம் மாறி வாங்கி, மூன்று கிழமை வீட்டுக்குள் இருந்தேன்.