விற்பவர் கொடுக்கும் சர்வே அறிக்கைக்குப் பாதிப் பணம் கொடுத்துவிடாதீர்கள்

பழைய பாய்மரப் படகு வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். சோதனைச் செலவில் பாதியை மிச்சம் பிடிக்கப் போய், அடியில் உடைந்த படகு ஒன்றை நான் வாங்கிவிட்டேன்.

36 அடி நீளம், ஃபைபர்கிளாஸ் உடல், கட்டி 20 வருடத்துக்கு மேல் ஆன படகு. பாய்கள் நன்றாக இருந்தன. உள்ளே மரவேலையெல்லாம் துடைத்து மெருகேற்றி வைத்திருந்தார்கள். எஞ்சின் முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆனது. விலை பேசி முடிந்ததும், படகைச் சோதித்து அறிக்கை (சர்வே) எழுதித் தரும் சர்வேயர் ஒருவரை வைத்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றேன். தரகர் உடனே, "அதுக்கு எதுக்கு சார் தனியா செலவு? ஓனர் மூணு மாசம் முன்னாடிதான் சர்வே பண்ணி வச்சிருக்கார். அந்தச் செலவுல பாதி நீங்க குடுத்துடுங்க, ரிப்போர்ட்டை வாங்கிக்கங்க. ரெண்டு பேருக்கும் நல்லது" என்றார்.

நான் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். சர்வேயர் கட்டணம் பெரும்பாலும் படகின் நீளத்தைப் பொறுத்து, அடிக்கு இவ்வளவு என்று வரும். அதோடு கிரேன் வைத்துத் தூக்க ஒரு கூலி, திரும்ப இறக்க ஒரு கூலி, கரையில் நிற்கும் நாட்களுக்கு வாடகை. எல்லாம் சேர்ந்தால் கை கடிக்கும் தொகைதான். அதுவும் வாங்குவேனா மாட்டேனா என்றே தெரியாத படகுக்கு. பாதிச் செலவில் முடிகிறது என்றதும் மனம் லேசாகிவிட்டது. பணத்தைக் கொடுத்து அறிக்கையை வாங்கிக்கொண்டேன்.

14 பக்கம், நிறைய படங்கள், கடைசியில் 'வயதுக்கு ஏற்ற நல்ல நிலை' என்று ஒரு வரி, கீழே கையெழுத்து. நான் கடைசிப் பக்கத்தை முதலில் படித்தேன், படங்களைப் பார்த்தேன். முதல் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததைப் படிக்கவில்லை. படகு என் பெயருக்கு மாறியது.

விஷயம் வெளியே வந்தது இன்சூரன்ஸால்தான். வயதான படகுக்குப் பாலிசி கொடுக்கும் முன் சர்வே அறிக்கை கேட்பது வழக்கம். என்னிடம் இருந்ததை அனுப்பினேன். இரண்டே நாளில் பதில் வந்தது: இந்தப் படகு தண்ணீரில் மிதக்கும்போது மட்டும் பார்க்கப்பட்டிருக்கிறது, கரையேற்றிப் பார்த்த அறிக்கை வேண்டும், அதுவும் உங்கள் பெயரில் வேண்டும். அப்போதுதான் முதல் பக்கத்தைப் படித்தேன். (அதில் வரும் கீல் என்பது, படகு கவிழாமல் நிற்க அதன் அடியில் பொருத்தியிருக்கும் கனமான பகுதி.) 'கீல், சுக்கானின் கீழ்ப்பகுதி, நீர்மட்டத்துக்குக் கீழுள்ள உடல் ஆகியவை பார்க்கப்படவில்லை. பாய்மரமும் வடங்களும் மேல்தளத்தில் நின்று மட்டும் பார்க்கப்பட்டன. எஞ்சின் சுமையோடு ஓட்டிப் பார்க்கப்படவில்லை.' அதற்கும் கீழே: 'இந்த அறிக்கை மேலே பெயர் குறிப்பிட்ட வாடிக்கையாளருக்காக மட்டும் தயாரிக்கப்பட்டது. வேறு யாரும் இதை நம்பிச் செயல்பட முடியாது.' வாடிக்கையாளர் என்ற இடத்தில் விற்றவரின் பெயர்.

சரி, வேறு வழியில்லை என்று நானே ஒரு சர்வேயரைத் தேடிப் பிடித்து, கிரேனுக்கும் பணம் கட்டிப் படகைக் கரையேற்றினேன். அந்த மனிதர் நாள் முழுக்க வேலை செய்தார். சின்னச் சுத்தியலால் உடல் முழுவதும் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இடத்தில் கணீரென்று ஒலிக்கும், அடுக்குகள் பிரிந்த இடத்தில் மொத்தென்று மங்கிக் கேட்கும். கீலும் உடலும் சேரும் இடத்தில், முன்பக்கம் ஒரு கோடு போல இடைவெளி விட்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவர் உள்ளே ஏறி, கீலின் பின்முனைக்கு நேர் மேலே இருந்த தரைப்பலகைகளைக் கழற்றச் சொன்னார். அங்கே மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தது. சுற்றியுள்ள இடமெல்லாம் பழைய அழுக்கு நிறம். பெயிண்டைக் கொஞ்சம் சுரண்டியதும் விரிசல் தெரிந்தது.

அவர் விளக்கியதை அப்படியே சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். இந்த மாதிரிப் படகில் கீல் கத்தி போலக் கீழே இறங்கியிருக்கும். வேகமாகப் போகும்போது அதன் அடிமுனை பாறையில் மோதினால் கீல் நின்றுவிடும், படகு முன்னே போகப் பார்க்கும். அப்போது கீலின் முன்பக்கம் உடலை விட்டுக் கீழே இழுபடும். பின்பக்கம் உடலுக்குள் மேல்நோக்கி இடிக்கும். கீலின் பாரத்தைத் தாங்க உள்ளே குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருக்கும் சட்டங்கள் அந்த இடத்தில்தான் விடுபடும். வெளியே கீறல் சின்னதாகத் தெரியலாம், உள்ளே பிடிமானமே போயிருக்கலாம். தண்ணீரில் மிதக்கும் படகில் இந்த முன்பக்க இடைவெளியைப் பார்க்கவே முடியாது. என் படகு எப்போதோ நன்றாக மோதியிருக்கிறது. பெயிண்ட் அடித்தவருக்கு அது தெரியாமல் இருந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

மூன்று பேரிடம் பேசினேன். பழைய அறிக்கையை எழுதிய சர்வேயர் மரியாதையாகத்தான் பேசினார். "நீங்க என் கிளையன்ட் இல்ல சார். எனக்குச் சொன்ன வேலையைச் செஞ்சேன், பார்க்காததைப் பார்க்கலன்னு எழுதியிருக்கேன்" என்றார். யோசித்தால் அவர் சொன்னதில் பொய் இல்லை. தண்ணீரில் வைத்து மட்டும் பார்க்கச் சொன்னது விற்றவர். விற்றவர், "உள்ளது உள்ளபடின்னு கையெழுத்துப் போட்டுத்தானே வாங்கினீங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். தரகர் ஒரு வாரம் கழித்துத்தான் எடுத்தார். அவருக்குக் கமிஷன் கொடுப்பவர் விற்பவர். படகு விற்றால்தான் அவருக்குக் காசு. இதை நான் பேச்சு தொடங்கிய நாளிலேயே யோசித்திருக்க வேண்டும். நான் பாதிப் பணம் கொடுத்ததற்குக்கூட அறிக்கையில் எங்கும் தடயம் இல்லை.

இத்தனைக்கும் அப்புறம்தான் நடைமுறை என்ன என்று விசாரித்தேன். சர்வே செலவு வாங்குபவருடையது, முழுவதும். சர்வேயரைத் தேர்ந்தெடுப்பதும் வாங்குபவர்தான். தரகர் ஒரு பெயர் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அவரையே வைக்காதீர்கள். கிரேன் வைத்து ஏற்றி இறக்கும் செலவும் வாங்குபவர் தலையில்தான் விழும். எஞ்சினுக்குத் தனி மெக்கானிக், எண்ணெய் மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்புவது, பாய்மரத்தின் மேலே ஏறிப் பார்க்கத் தனி ஆள், இவையெல்லாம் வேண்டுமென்றால் அவையும் நம் செலவு. கடலில் ஓட்டிக் காட்டுவது மட்டும் பொதுவாக விற்பவர் பொறுப்பு. எரிபொருளும் படகைச் செலுத்தும் ஆளும் அவருடையது.

முதலில் இது அநியாயம் என்று எனக்குப் பட்டது. அவர் பொருளைச் சோதிக்க நான் ஏன் காசு கொடுக்க வேண்டும்? இப்போது அப்படி நினைக்கவில்லை. யார் பணம் கொடுத்து வேலை சொல்கிறாரோ அவருக்குத்தான் சர்வேயர் பொறுப்பு. எதைப் பார்க்க வேண்டும், எதைக் கழற்ற வேண்டும் என்று சொல்லும் உரிமையும் அவருக்குத்தான். அந்தச் செலவை விற்பவர் ஏற்றால் அந்த உரிமையும் அவரிடம் போய்விடும்.

இன்னொன்று, வாய்வார்த்தை வேண்டாம். படகுக்குப் பொதுவாக விலையில் 10 சதவீதம் முன்பணம் கொடுப்போம். அது விற்பவர் கைக்குப் போகாமல் தனிக் கணக்கில் இருக்க வேண்டும், சர்வேயில் பெரிய குறை வந்தால் திரும்ப வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும். ஆனால் சர்வேக்குக் கொடுத்த பணம் அப்படித் தானாகத் திரும்பாது, படகை வேண்டாம் என்று விட்டாலும் அது போனதுதான். விற்பவர் தெரிந்தே மறைத்த குறை வெளிவந்தால் சோதனைச் செலவை அவர் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிப் பாருங்கள். ஒப்புக்கொள்ளாமல் போகலாம். ஆனால் அந்த வரியைக் கேட்டதும் அவர் முகம் எப்படி மாறுகிறது என்பதையாவது பார்த்துக்கொள்ளலாம். ஈரம் அளக்கும் கருவியை வைக்க, அடியில் பாசி ஒட்டாமலிருக்க அடித்த பெயிண்டை அங்கங்கே சுரண்டுவார்கள். அதற்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். சுரண்டிய இடத்தைப் பூசித் தருவது யார், கழற்றியதைத் திரும்ப மாட்டுவது யார் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். எழுதாவிட்டால் அந்தச் செலவும் வாங்குபவரிடம்தான் வரும். குறையை விற்பவரே சரிசெய்து தருவதாகச் சொன்னால், சர்வேயர் மறுபடி வந்து பார்க்கும் கட்டணத்தை அவர் தர வேண்டும் என்று பேசுங்கள், அது நியாயமான கோரிக்கைதான்.

செலவுதான் பயமுறுத்துகிறது என்றால், சர்வேயரைக் கூப்பிடும் முன் நீங்களே அரை நாள் படகில் செலவிடுங்கள். தரைப்பலகைகளைத் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். மேல்தளத்தில் நடக்கும்போது எங்காவது மெத்தென்று அமுங்குகிறதா? உள்ளே பழைய அழுக்குக்கு நடுவே ஒரு இடம் மட்டும் புதிதாக இருக்கிறதா? வோல்வோ பென்டா செயில்டிரைவ் (எஞ்சின் சக்தியைப் படகின் அடி வழியாகக் கீழே ப்ரொப்பெல்லருக்குக் கொண்டுபோகும் அமைப்பு) இருந்தால், உடலுக்கும் அதற்கும் நடுவே தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் டயஃப்ரத்தை எப்போது மாற்றினார்கள் என்று ரசீது கேளுங்கள். 7 வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது அந்த நிறுவனம். இதிலேயே மனம் ஒப்பாத படகுக்குச் சர்வே செலவு செய்யத் தேவையில்லை.

என் படகு இப்போது ஐந்தாவது மாதமாகக் கரையில் நிற்கிறது. கீலைக் கழற்றி, சட்டங்களை வெட்டியெடுத்து, மறுபடி ஃபைபர்கிளாஸ் அடுக்கு போட்டு ஒட்டியிருக்கிறார்கள். படகின் விலையில் கால்வாசிக்கும் மேல் செலவாகிவிட்டது. போன வாரம் சர்வேயர் மறுபடி வந்து பார்த்து அறிக்கை கொடுத்தார். இந்தத் தடவை வாடிக்கையாளர் பெயர் என்னுடையது. இன்சூரன்ஸுக்கு அதை அனுப்பியிருக்கிறேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன்.