சுங்கை சிப்புட் நர்சரி: செடியை வாங்கலாம், மண்ணை வாங்க வேண்டாம்

அடித்தண்டு பருக்கும் செடிகள் வேண்டுமென்றால் ஈப்போ வரை போகத் தேவையில்லை. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் தோட்டச் சாலையோரம் உள்ள இந்த நர்சரியில் பாலைவன ரோஜா, பாட்டில் பாம், போனிடெயில் பாம் மூன்றும் கிடைக்கின்றன.

பாலைவன ரோஜா 35 வெள்ளி. விதையில் முளைத்ததையும் கிளை ஒடித்து நட்டதையும் ஒரே விலைக்குக் கலந்து வைத்திருக்கிறார்கள். மண்மட்டத்தில் முள்ளங்கி போல் உப்பியிருப்பதையே எடுங்கள். அடி முதல் நுனி வரை குழாய் போல் ஒரே கனமாக இருந்தால் அது கிளைக்கன்று. அந்த உப்பல் அதற்குப் பெரும்பாலும் வராது. கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். சுற்றிலும் லேசாகச் சுருங்கி மெத்தென்றால் தாகம், தண்ணீர் விட்டால் தேறிவிடும். ஒரு பக்கம் மட்டும் பழுப்பேறிக் கொழகொழவென்று அமுங்கினால் அழுகல்.

ஆப்பிரிக்கா, அரேபியாவின் வறண்ட நிலத்துச் செடி இது. மழைநீரை அடித்தண்டில் தேக்கிக் கோடையைத் தாண்டும். பேராக் மழையில், கடைக்காரர் சட்டிகளில் நிரப்பி, தனியாகவும் விற்கும் கறுப்பு மண் கலவை நீரைப் பிடித்துக்கொண்டு வேரை அழுகச் செய்துவிடும். வாங்கியதும் அதை உதறிவிடுங்கள். அறுபட்ட வேர் காய நான்கைந்து நாள் நிழலில் கிடக்கட்டும். பிறகு மூன்று பங்கு பியூமிஸ் (நுரைக்கல்) அல்லது பருமணல், ஒரு பங்கு தேங்காய்த் தும்பு, ஒரு பங்கு மக்கிய உரம் கலந்து நட்டு, ஒரு வாரம் கழித்துத் தண்ணீர் விடுங்கள். சட்டி மாற்றும்போதெல்லாம் 2 செ.மீ. உயர்த்தி நட்டால் புதைந்திருக்கும் பருத்த வேரும் வெளியே தெரியும்.

பாட்டில் பாம் கன்றுகள்தான் இங்கே குறை. மொரிஷியஸ் தீவு மரத்தைச் சின்னப் பாலிபேக்கில் மாதக்கணக்கில் நெருக்கி வைத்திருக்கிறார்கள். பால்மரம் (ரப்பர்) சீவியவர்களுக்குத் தெரியும், கத்தி ஆழமாகப் பட்டால் புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வரும். அங்கே காயப்படுவது பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள மெல்லிய வளர்படை. அது இருப்பதால்தான் கோலகங்சாரில் 1877இல் நட்ட பால்மரம் அத்தனை பருமன். பாட்டில் பாம் பனை இனம், பனை இனத்துக்கு அந்தப் படை கிடையாது. செம்பனை (எண்ணெய்ப் பனை) கன்றைப் பாருங்கள்: முதல் சில ஆண்டுகள் தரையோடு அகன்று, பிறகுதான் மேலே போகும். அந்த வயதில் வேருக்கு இடமில்லாமல் தண்டு ஒடுங்கினால், பின்னால் எவ்வளவு உரம் போட்டாலும் அந்த இடுக்கு நிரம்பாது. பைக்கு அடியில் வேர் சுருண்டு வெளியே வந்த கன்றை விட்டுவிடுங்கள்.

போனிடெயில் பாமுக்கு இந்தப் பயம் இல்லை. பெயரில்தான் பாம், மெக்சிகோவின் வறண்ட நிலத்துச் செடி. அதற்கெனத் தனி வளர்படை உண்டு. சின்னச் சட்டியிலும் மெல்ல மெல்லப் பருக்கும்.

மூங்கில் குச்சியோடு கம்பியால் இறுக்கிக் கட்டிய கன்றுகளை அப்படியே வைத்திருக்காதீர்கள். காற்றில் ஆடாத தண்டு உயர்ந்துகொண்டே போகும், அவ்வளவாகப் பருக்காது. பருத்தாலும் கம்பி பட்டைக்குள் இறங்கும். கேட்டால் கடையிலேயே கம்பியை வெட்டித் தருகிறார்கள்.